எட்டில் நின்ற வளையம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்து காதல் கதை ஒன்று கேட்டார். "கடல் தாண்டி அந்தப் பமாக்கோ நகரத்தில் இத்தனை காலமாகக் குப்பை கொட்டுகிறீர்கள், அங்கே யாரும் காதலிப்பதில்லையா?" என்றார். காதலிக்கிறார்கள். ஆனால் அவர் பேசியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு திருகாணியை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. கேமரா லென்ஸ் ஒன்றின் பின்புறத்தில் உட்கார்ந்துகொண்டு, கழன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் பார்த்த பல காதல்களைவிட அதில் பிடிவாதம் அதிகம். அதனால் அதையே எழுதுகிறேன்.

முதல் ஆரம்பம்: "மெதினா கூராவின் செம்மண் புழுதியில் சூரியன் மெல்ல மெல்ல—"

வேண்டாம். இந்த ஊரில் சூரியன் எதையும் மெல்லச் செய்வதில்லை.

இரண்டாவது ஆரம்பம்: "லென்ஸ் பழுதுபார்க்கும் அத்திமே கிந்தோவின் விரல்கள் வைர வியாபாரியின் விரல்களைப் போல—"

இதுவும் வேண்டாம். அவன் விரல்கள் கடலை உரிப்பவனின் விரல்கள் மாதிரிதான் இருக்கும். அப்போது கடையில் என்னோடு உட்கார்ந்து கடலைதான் உரித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஆரம்பத்தை சிரா கரபென்தாவே தொடங்கிவிட்டாள், அவன் கடை வாசலில் மோட்டார் பைக்கை நிறுத்தும்போதே.

2

"யோவ் வெங்காயம்! உள்ள இருக்கியா, இல்ல குளிக்கப் போயிட்டியா? அடடா, மறந்தே போச்சு. உங்க ஆளுங்க குளிக்க மாட்டீங்களே!"

"வா மீன்காரி, வா. நீ தெருமுனையில திரும்பும்போதே நாத்தம் வந்துடுச்சு. கதவைச் சாத்தலாம்னு எழுந்தேன், அதுக்குள்ள வந்து நிக்கிறே."

"உன்னை மாதிரி ஒரு அடிமை எனக்குன்னு இருக்கறப்போ நான் ஏன் வேற கடைக்குப் போகணும்?"

இது சண்டை இல்லை. சிரா போசோ இனம், ஆற்றில் மீன் பிடிப்பவர்கள். அத்திமே தோகோன் இனம், மலைச்சரிவில் வெங்காயம் போடுபவர்கள். இந்த இரண்டு இனங்களும் ஒன்றையொன்று அடிமை என்றுகூட, எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் மாமன் மச்சான் கேலி மாதிரி என்று எழுதியிருப்பேன், ஒரு சின்ன இடைஞ்சல். நம்மிடம் கேலி செய்ய முறை இருந்தால் கல்யாணமும் கட்டலாம். இவர்களிடம் கேலி செய்யும் முறை இருப்பதாலேயே கல்யாணம் கட்டக் கூடாது.

[ஆசிரியர் கவனத்துக்கு: நீங்கள் கேட்ட காதல் கதை இந்தப் பத்தியோடு செத்துவிட்டது.]

சிராவுக்கு மெதினா கூரா பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ. பலகையில் 'சிரா வெளிச்சம்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அவள் எடுக்கும் முகங்கள் பாலில் நனைத்து எடுத்த மாதிரி இருக்கும். தழும்பு தெரியாது, வியர்வை தெரியாது, பின்னாலிருக்கும் சுவர் புகையாகக் கரைந்துபோயிருக்கும். எதிர்ச்சாரியில் புதுக் கேமராவோடு ஒருவன் கடை போட்டான். அவன் படத்தில் மூக்கின் மேல் இருக்கும் மயிர்த்துளைகளை எண்ணலாம். பேட்டையின் கல்யாணப் பெண்களெல்லாம் சிராவிடமே போனார்கள். எப்படி எடுக்கிறாய் என்று அவனே ஒருநாள் வந்து கேட்டபோது, சிரா பதில் சொல்லாமல் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாளாம். இதை அவளே எனக்கு நாலைந்து முறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி.

அந்தக் கை இப்போது லென்ஸை அத்திமேயிடம் நீட்டியது.

"கேமராவுல கண்ணை வெச்சுப் பார்த்தா மத்தியானத்துலயே பொழுது சாஞ்ச மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை பெரிய கல்யாணம். பொண்ணோட அத்தை, சிரா வெளிச்சம் இல்லாட்டி போட்டோவே வேணாம்னு சொல்லிட்டா. எதிர்க்கடைக்காரன் மண்டபத்து வாசல்லயே நிப்பான், எப்படா நான் சறுக்குவேன்னு. சனிக்கிழமைக்குள்ள குடுத்துடு."

3

லென்ஸின் வயிற்றுக்குள் சின்னச் சின்ன உலோக இதழ்கள் உண்டு. வளையத்தில் என்ன எண் வைக்கிறோமோ அந்த அளவுக்கு அவை குவிந்து ஒளியை மட்டுப்படுத்தும். படம் எடுக்கும் கணத்தில் சட்டென்று குவிய வேண்டும், சட்டென்று விரிய வேண்டும். சிராவின் இதழ்கள் பாதி குவிந்தபடி உறைந்துபோயிருந்தன. வளையமோ எட்டில் நின்றது. எட்டுக்கு நேராக அவளே சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். "என் நம்பர்" என்றாள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்த வளையத்தை அவள் நகர்த்தியதே இல்லையாம்.

வளையத்தைப் பிடித்திருந்தவை மூன்று திருகாணிகள். முதல் இரண்டும் நல்ல பிள்ளைகளாக வந்துவிட்டன. மூன்றாவதைப் பூதக்கண்ணாடியில் பார்த்த அத்திமே முகத்தைச் சுளித்தான்.

"ஸ்க்ரூ தலையை யாரோ கடிச்சுத் துப்பியிருக்கான். மீன் வெட்டற கத்தியால திருகினது யாரு?"

சிரா கூரையைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கூரை ஒழுகும் போலிருக்கே, மழைக்கு முன்னாடி பார்த்துக்கோ."

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம். "திருகாணி கழன்றது" என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம், எழுத்தில் கழலாத திருகாணி கிடையாது. எழுதியும் பார்த்தேன். அத்திமேயின் முகம் நினைவுக்கு வந்தது, அடித்துவிட்டேன்.]

அவன் அவசரப்படவில்லை. திருப்புளியின் முனையை அரத்தில் ராவி, அந்தச் சிதைந்த தலைக்குப் பொருந்துகிறதா என்று வைத்து வைத்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். "நகப்பாலிஷ் அழிக்கற தண்ணி குடு. ஹேண்ட்பேக்ல வெச்சிருப்பே."

"எதுக்கு? உன் நகத்துக்கு அதெல்லாம் பத்தாது, மண்வெட்டிதான் வேணும்."

திருகாணி ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த அரக்கு அந்தத் தண்ணீரில் இளகும். தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு வைத்தான். சூடான சால்டரிங் கம்பியால் தலையை லேசாகத் தொட்டான். இந்த ஊரில் ஒரே தேயிலையில் மூன்று சுற்றுத் தேநீர்; முதல் சுற்று வந்தது. மறுபடி ஒரு சொட்டு. இரண்டாம் சுற்று. சிரா தன் தொழில் எதிரியைத் திட்டினாள், பிறகு தோகோன்களைத் திட்டினாள், பிறகு மூன்றாம் சுற்றுக்குச் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினாள். அத்திமே திருப்புளியை முழு எடையோடு அழுத்தி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருப்பினான்.

டக்.

மூன்று பேரும் மூச்சு விட்டோம். கதையும்தான்.

4

உள்ளே பார்த்ததும் அவன் விளக்கை இழுத்து அருகில் வைத்தான். இதழ்களின் மேல் எண்ணெய். இந்த ஊர் வெயிலில் லென்ஸுக்குள்ளிருக்கும் கிரீஸ் உருகி, எண்ணெய் பிரிந்து வந்து படரும். அதொன்றும் புதிதில்லை. ஆனால் இது இன்று நேற்று வந்த எண்ணெய் இல்லை. ஓரங்களில் பழுப்பேறி, வார்னிஷாகவே காய்ந்திருந்தது.

"சிரா, உன் நெகட்டிவ் எல்லாம் ரொம்பக் கறுப்பா இருக்குமா?"

"ஆமா. லேப்காரன் எப்பவும் புலம்புவான். அதுதானே என் ரகசியம்!"

அத்திமே லென்ஸைக் கீழே வைத்தான். இனி அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"நான் சொல்றதைக் கேளு. உன் இதழுங்க எண்ணெயில ஒட்டிக்கிட்டு, ரொம்ப நாளா குவியவே இல்ல. நீ எட்டுன்னு வெச்சு எடுக்கறே, லென்ஸ் முழுசாத் திறந்தே கிடக்குது. வெளிச்சம் அளவுக்கு மீறிப் புகுந்து நெகட்டிவ் கறுக்குது. அதான் முகமெல்லாம் பாலா வருது, சுவரு கரைஞ்சு போகுது. இப்பத்தான் அந்த எண்ணெய் காஞ்சு பிசினாகி, பாதி குவிஞ்ச இடத்துல பிடிச்சுக்கிச்சு. நான் சுத்தம் பண்ணிட்டா எட்டு எட்டாத்தான் வேலை செய்யும். உன் வெளிச்சம் வராது. வேணும்னா வளையத்தை முழுசாத் திறந்து வெச்சுக்கோ. அவ்வளவுதான்."

சிரா அவனைக் கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தேநீர்க் கோப்பை தரையில் உருண்டது.

"எண்ணெயாம்! என் வெளிச்சம் எண்ணெயாம்! ஏய் எழுத்தாளரே, கேட்டியா? சோப்பையே பார்க்காத ஆளு எண்ணெயைக் கண்டுபிடிச்சிருக்கான்!"

"கேலி இல்ல, சிரா. சத்தியமா."

"நீ கேலி இல்லன்னு சொல்றதுதான் பெரிய கேலி. போன மழைக்கு இதே மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தானே, ஃபிலிமை ஆத்துத் தண்ணியில கழுவினா நிறம் நிக்கும்னு சொன்னே? ஒரு ரோலைக் கழுவினேனே, பாவி!"

அத்திமே உருண்ட கோப்பையை எடுத்து வைத்தான். அந்த ரோல் விஷயம் உண்மை. சிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கை, வெங்காயம், இந்தக் கை" என்று சொல்லிவிட்டு மோட்டார் பைக்கை உதைத்தாள்.

5

இப்போது எனக்கு அத்திமே மேல் சந்தேகம் வருகிறது. கதைக்கு இவன் தேறுவானா? ஒரு உண்மையைச் சொல்லி நம்பவைக்கத் தெரியாதவனை நாயகன் என்று எப்படி அழைப்பது? அவனை மாற்றி எழுத முயன்றேன்: "அத்திமே அவள் கண்களை நேருக்கு நேர் நோக்கி, கணீரென்ற குரலில்—" சிரா இன்னும் அதிகமாகச் சிரித்தாள். விட்டுவிட்டேன்.

தயாராக இருக்கும் முடிவுகளைப் பார்ப்போம்.

லென்ஸ் சுத்தமாகிறது, சிரா நம்பவில்லை, வளையம் எட்டிலேயே நிற்கிறது. கல்யாணப் படங்கள் ஊசி முனையாக வருகின்றன. பெண்ணின் பருக்கள், அத்தையின் மீசை, மண்டபத்துச் சுவரின் விரிசல், ஒன்றும் தப்பவில்லை. அத்தை அலறுகிறாள். பச்சைப் பலகை இறங்குகிறது. விற்பனைக்கு நல்ல முடிவு. எனக்குத்தான் மனம் வரவில்லை.

எண்ணெயை மறுபடி உள்ளே ஊற்றி மூடிவிட்டால் என்ன? இதை அத்திமேயிடமே கேட்டேன். "எண்ணெய் எப்ப வழுக்கும், எப்ப பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? கல்யாணத்து நடுவுல பிடிச்சுக்கிச்சுன்னா? தெரிஞ்சே அழுக்கை வெச்சு மூடித் தர நான் என்ன போசோவா?" என்றான்.

மூன்றாவது முடிவை ஆசிரியர் போனில் சொன்னார். இருவருக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டுமாம். மறுபடி விளக்கினேன். "அப்படியானால் தடையை மீறிய காதல்!" என்றார். போனை வைத்துவிட்டேன்.

நான்காவதை அத்திமே கேட்டான், சனிக்கிழமை மத்தியானம். இதழ்களை லைட்டர் பெட்ரோலில் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, பூவைத் திரும்பக் கட்டுவது மாதிரி அடுக்கி முடித்திருந்தான். வளையத்தைத் திருப்பினால் அவை குவிந்தன, விரிந்தன. அவன் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

"நீ சொல்லேன் அவகிட்ட. உனக்கு இங்க யாரும் முறை இல்ல. கேலி பண்ண ஆளே கிடையாது. நீ சொன்னா நம்புவா."

யோசித்துப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் சமாச்சாரத்தைத் தவிர வேறு பொய்யே சொல்லாத மனிதனை அவள் நம்பமாட்டாள். வாரம் ஒரு பொய்யைத் தபாலில் அனுப்பிப் பிழைப்பவன் சொன்னால் நம்புவாள். நான் கடலை உரித்தேன். சொன்னால் கல்யாணம் தப்பிக்கும், கடை தப்பிக்கும். அப்புறம் அவள் அந்தக் கையை என்ன செய்வாள்? எங்கே வைத்துக்கொள்வாள்?

[இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் தேடாதீர்கள். சிராவுக்குத் தமிழ் தெரியாது.]

"அவ இல்லாதப்போ சொல்றேன்" என்றான் அத்திமே, குரலைத் தாழ்த்தி. "வெளிச்சம் எண்ணெயோடதுதான். ஆனா அந்தப் படங்கள்ல எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரிக்கறாங்களே, அது எண்ணெயில வராது. அது அவ வாய்ப்பேச்சுல வர்றது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, தலையில ஏறிக்குவா."

6

நான் சொல்லப்போவதில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. லென்ஸை மறுபடி எடுத்தான். எண்கள் பொறித்த வளையத்தை மட்டும் கழற்றி, அதன் உள்விளிம்பில் சில பற்கள் தள்ளி உட்கார வைத்தான். எடுத்துக் காட்டினான். வளையத்தில் எட்டு, நேராகச் சிவப்புப் பொட்டு. உள்ளே இதழ்கள் முழுசாக விரிந்து கிடந்தன.

"எட்டுன்னு படிப்பா. திறந்தே இருக்கும். பிசின் பிடிக்காது, சிக்காது. அவ வெளிச்சம் அவளுக்கு."

"இது பொய் இல்லையா?"

"பொய்தான். ஆனா சுத்தமான பொய். எண்ணெய்ப் பொய் மாதிரி நடுவுல காலை வாராது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு காலம் எழுதியும் என் பொய் ஒன்றுகூட இப்படி அச்சாகப் பொருந்தியதில்லை.

முதல் திருகாணியை முறுக்கினான். இரண்டாவதையும். மூன்றாவதாக, கத்தி கடித்த அந்தத் திருகாணியை, அரக்கில் தொட்டு, துளையில் வைத்து, பாதிவரை இறக்கினான். நிறுத்தினான்.

"இதுக்குத் தலையே போயிடுச்சு. இந்தத் தடவை இறுகிச்சுன்னா, அப்புறம் எந்தக் கொம்பனாலும் கழட்ட முடியாது. யாரும் உள்ள பார்க்கவே முடியாது. நாளைக்கு அவளே உண்மை கேட்டாலும் காட்ட முடியாது." திருப்புளியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை என் பக்கம் நீட்டினான். "நான் அவளுக்கு முறை. உண்மையும் சொல்லிப் பார்த்தாச்சு. இது உன் தொழில். முறுக்கறதுன்னா நீ முறுக்கு. இல்லன்னா கழட்டி வெச்சுட்டு, அவ வந்ததும் வாயைத் திற."

தெருமுனையில் மோட்டார் பைக் சத்தம் கேட்டது.

"யோவ் வெங்காயம்! முடிஞ்சுதா, இல்ல என் லென்ஸை உரிச்சு உரிச்சுப் பார்த்துக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கியா?"

கடைசிப் பத்தி: "நான் திருப்புளியை வாங்கி, ஒரு தீர்மானத்தோடு—"

இல்லை. வாங்கினேன், அதுவரை உண்மை. தீர்மானம் எதுவும் கூடவே வரவில்லை. அரக்கு காய்ந்துகொண்டிருக்கிறது. அத்திமே என்னைப் பார்க்காமல் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறான்.

இதுவரை நடந்தது எல்லாம் தெரிந்தவர், அவளுக்கு எந்த முறையும் இல்லாதவர், இங்கே இன்னும் ஒருவர் இருக்கிறார். நீங்கள்தான். பிடியுங்கள். முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும், திருப்புவது மட்டும் மெதுவாக. வலப்பக்கம் திருப்பினால் நாளைக்குக் கல்யாணம், அந்தக் கை, பச்சைப் பலகை, எல்லாம் அப்படியே இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் அவளிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், அவள் நம்பியும் விடுவாள்.

சிரா வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். இடது செருப்பின் வார் எப்போதும் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கும் நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது.