சம்மனசின் வாள்

பிடியின் தலையில் இருந்த நட்டு மூன்றாவது திருகலில் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. சவரிராயன் அதைத் தட்டில் போட்டுவிட்டுக் கைக்காப்பை மெதுவாக உருவினார். நாளைக்குத் திருநாள். வானதூதர் மிக்கேல் சம்மனசின் சிலை தேரில் ஏறும்போது அதன் கையில் வாளின் பிடி ஆடக்கூடாது என்று கோயிலில் இருந்து வாளை அவரே தன் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். காப்பை ஒட்டி, அலகின் அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தடித்த தோல் சுற்றியிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ பசை வைத்து ஒட்டியது, காய்ந்து மரப்பட்டையாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, திருப்புளி முனையால் நெம்பினார். தோல் இரண்டு துண்டாகப் பெயர்ந்தது. அடியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. நடுவில் மிளகளவு பித்தளைப் பொட்டு. அதற்கு மேல் கயிறு சுற்றிய நங்கூரத்தின் கீழ்நுனி. தோல் முடிந்த இடத்தில் நங்கூரமும் முடிந்து, மீதி அலகெல்லாம் வெறும் பளபளப்பாக இருந்தது.

மோட்டார் காயில் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். நகத்தால் வருடினார். போலியில் கோடு அச்சடித்த மாதிரி மேலோடு நிற்கும். இது அமிலம் தின்ற கோடு, நகம் உள்ளே இறங்கியது. சந்தேகமே இல்லை, அசல் வாள்.

ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். பதினைந்து வருடம் கடற்படை, அதில் ஒன்பது வருடம் விசாகப்பட்டினத்தில் ஆயுதக் கிடங்கு. அணிவகுப்பு வாள்களுக்கு எண்ணெய் பூசியதும், கண்ணாடிப் பெட்டியில் இருந்த வெள்ளைக்காரன் காலத்து வாள்களைத் துடைத்ததும் அவர்தான். கடலையே பார்க்காத ஊரில் இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? மலைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் காய்ச்சலில் விழுந்த கப்பல் அதிகாரி ஒருவர், பிழைத்து எழுந்ததும் மிக்கேல் சம்மனசுக்குக் காணிக்கையாக விட்டுப்போன வாள் என்று ஊரார் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கோயில் வெளியிடும் மலருக்கு அதைப் பற்றி எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். சவரிராயன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகில் நங்கூரம் இல்லை, கிரீடம் இல்லை. பிடியில் திருக்கைமீன் தோலுக்குப் பதில் ரெக்சின். அசல் வாளில் பிடிக்குள் போகும் இரும்பின் நுனியைச் சுத்தியால் அடித்து மழுக்கியிருப்பார்கள். இதிலோ நட்டு. பூசை முடிந்து கூட்டம் கலையாத நேரம், எல்லார் காதிலும் விழும்படி, "இது டூப்ளிகேட்டுங்க. பாம்பேல ரோட்டோரமே கெடைக்கும்" என்றார். அதைச் சொன்னபோது மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்படியானால் அசல் எங்கே போனது? கோயில் சாவி, கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஆண்டனியிடம் இருந்தது. அந்த வருடம்தான் அவர் மகள் அனிஷா நர்சிங்கில் சேர்ந்திருந்தாள். அசலை விற்றுத்தான் பணம் கட்டினார் என்று ஊருக்கு முடிச்சுப் போட அது போதுமானதாக இருந்தது. ஆண்டனி இந்த மொரப்பூர்க் கடைக்கே வந்து, இதே மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணே, ஒருக்கா பிடியக் கழட்டிப் பாருங்கண்ணே. நான் சம்மனசு கைல இருந்து அத எடுக்கவே இல்லீங்க."

"எனக்குப் பாத்தாலே தெரியும் ஆண்டனி."

கழற்றுவதற்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சாவியை ஆண்டனியிடமிருந்து வாங்கிச் சவரிராயனிடம் கொடுத்தார்கள். பதினேழாம் நாள் விடியற்காலை ஆண்டனியின் உடலைத் தண்டவாளத்து ஓரத்தில் இருந்து எடுத்தார்கள். அனிஷா படிப்பை விட்டுவிட்டுக் கடத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

மதியச் சோறு கொண்டுவந்த மனைவி ஞானமேரியிடம், "வாள யாரு தேய்க்கிறது?" என்று கேட்டார்.

"பொம்பளைங்கதான். திருநாளுக்கு மொதநாளு வூட்டுக்கு வூடு முறை வரும். ஆம்பளைங்க யாரு அந்தப் பக்கம் வர்றீங்க? புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேய்ச்சா கண்ணாடியாட்டம் ஆயிரும்."

"நங்கூரமாட்டம் எதாச்சும் இருந்துச்சா அதுல?"

அவள் யோசித்தாள். "கண்ணாலமான புதுசுல நம்ம முறை வந்துச்சு. நீங்க அப்ப கப்பல்ல. லேசா கருப்புக் கோடாட்டம் இருந்துச்சுங்க. கறைன்னு நெனச்சு, போற வரைக்கும் தேய்ச்சேன். அத்தைகூட மெச்சுனாங்க."

"இந்த நட்டு?"

"பிடி ஒடஞ்சப்ப உங்கப்பாதான் பட்டறைல குடுத்துப் போட்டாராம். அத்தை சொல்லியிருக்காங்க." பேசிக்கொண்டே மேசையைப் பார்த்தவள், நட்சத்திரத்தைப் பார்த்தாள். கணவர் முகத்தையும் பார்த்தாள். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள். "ஒட்டிருங்க. செத்தவரு எந்திரிச்சா வரப்போறாரு? ஊரு நம்மளத்தான் காறித் துப்பும்."

சவரிராயன் தோல் துண்டை எடுத்து அலகில் பொருத்திப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. இரண்டு சொட்டுப் பசை போதும், இன்னும் நூறு வருடத்துக்கு யாருக்கும் தெரியாது. கோயில் சாவி இடுப்பில் உறுத்தியது. ஆண்டனியைக் கொன்றது தன் வாய்தான் என்று நினைத்தார். இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி நினைத்ததில்லை என்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது. பிடியைப் பொருத்தி நட்டை இறுக்கினார். தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே நாலைந்து பெண்கள் தேருக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் முறை எந்த வீட்டுக்கு என்பது அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தொட்டி ஓரம் கிண்ணத்தில் ஊறிய புளியும், கொட்டாங்குச்சியில் செங்கல்தூளுமாக அனிஷா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"குடுங்க மாமா."

அவர் பிடியை விடவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தார். "கண்ணு, இன்னைக்கித்தான் கழட்டிப் பாத்தேன்." பூக்கட்டுகிறவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னார். நட்சத்திரத்தைக் காட்டினார். "ஒரிஜினலுக்குத்தான் இது இருக்கும். வாளு மாறவே இல்ல. அதே வாளுதான்."

அனிஷா குனிந்து அதைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"உள்ள இது இருக்குன்னு எங்கப்பாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது கண்ணு. தான் எடுக்கலங்கறது மட்டுந்தான் தெரியும்."

அவள் தலையாட்டினாள். பூக்கட்டுகிறவர்களில் ஒருத்தி, "பொழுது போவுது அனிஷா, சுருக்கா தேய்ச்சு முடி" என்று குரல் கொடுத்தாள். அனிஷா புளி உருண்டையைச் செங்கல்தூளில் புரட்டி எடுத்து, வாளின் நுனியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். செந்நிறத் தண்ணீர் அலகில் வழிந்தது. நுனியில் இருந்து நடுவுக்கு வந்தாள். நடுவில் இருந்து அடிக்கு இறங்கினாள். அழுத்தித்தான் தேய்த்தாள்.

"அங்க வேணாங் கண்ணு. அழிஞ்சிரும்."

"அழிஞ்சா என்னங்க? டூப்ளிகேட்டுதான?"

அவள் கை நிற்கவில்லை. சவரிராயன் நட்சத்திரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். புளி உருண்டை வந்து அவர் நகத்தில் முட்டி நின்றது.

"விரல எடுங்க மாமா," என்றாள் அனிஷா, இந்தத் தடவை சத்தமாக. "எடுத்துட்டுச் சொல்லுங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

பூக்கட்டிய கைகள் நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். புளித்தண்ணீர் நகக்கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. விரல் இன்னும் நட்சத்திரத்தின் மேலேயே இருந்தது.