கண்ணாடிக்குள் வந்த வெயில்

மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, ரத்தத்துக்கு வரவில்லை. நடுவில் எங்கே தொலைகிறது என்பதுதான் நளினிக்குப் பிடிபடவில்லை.

பர் துபாயில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தப் பரிசோதனைக்கூடம் நளினியின் பொறுப்பு. மாடியில் டெலிபோன் போர்டில் உட்காரும் ஸுவேனா சான்சிபாரிலிருந்து வந்த கறுப்பினப் பெண், நாற்பதைத் தொடாதவள். கால்சியம் மாத்திரை விழுங்கத் தொடங்கி, இந்த எழுபத்தாறாம் வருஷத்தோடு இரண்டு வருஷமாகிறது. தொடை வலி குறையவில்லை. நாற்காலியை விட்டு எழ மேஜையைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கவேண்டும். மாடி ஏற முடியாதவளுக்கு வேலை எதற்கு என்று மானேஜர் கேட்டுவிட்டார். டாக்டர் வெங்கட்ராமன் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், இந்த ஊரில் தங்கும் அனுமதியும் போகும்.

"தீதி, இதுக்குச் சுவத்துச் சுண்ணாம்பச் சுரண்டித் தின்னிருக்கலாம். கொஞ்சம் ருசியாவது இருந்திருக்கும்," என்றாள் ஸுவேனா, கடைத்தெருவில் பழகிய இந்தியில். நளினியை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்றுதான் கூப்பிடுவாள்.

நளினி முதலில் மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டாள். அமிலத்தில் கரைத்து அளந்தாள். கால்சியம் முழுதாக இருந்தது. ஸுவேனாவின் ரத்தத்தில் குறைவு. சிறுநீரிலும் அநேகமாக இல்லை. அப்படியென்றால் அது குடலைத் தாண்டவே இல்லை, கழிவோடு வெளியே போய்விடுகிறது. குடலின் சுவர் கால்சியத்தைத் தாராளமாக உள்ளே விடாது. வைட்டமின் டி உத்தரவு கொடுத்தால்தான் விடும். உத்தரவு கொடுக்க ஆளில்லை.

முடிவுகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"வைட்டமின் டியா?" அவர் சிரித்தார். "ஏம்மா, அவ ஆப்பிரிக்கா. வெயிலக் குடிச்ச உடம்பு, தோலப் பாத்தாலே தெரியலயா? போதாததுக்கு இந்த ஊரு வெயில், ஜன்னலோர சீட்டு. அவளுக்கு உடம்பு வளையல, அவ்வளவுதான்."

நளினிக்குக் காது சுட்டது. அன்று காலைதான் அவர் எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரரின் குழந்தைக்கு, ஒரு சோதனையும் கேட்காமல், வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருந்தார்.

"அந்தக் குழந்தைக்கு எதப் பாத்து எழுதுனீங்க சார்?"

"அது மென்மையான உடம்பு."

"அந்த மென்மையான தோல்தான் சார் கொஞ்ச வெயில்லயே வைட்டமின் பண்ணிக்கும். கறுப்பு, வெயிலச் சேத்து வச்ச அடையாளம் இல்ல; வெயிலத் தடுக்குற குடை. தோல் பொசுங்காம காப்பாத்தும். ஆனா அதே அளவு வைட்டமின் பண்ண ரொம்ப நேரம் வெளியில நிக்கணும். இவ எங்க நிக்கிறா? வீடு, வேன், போர்டு. தலையிலேருந்து கால்வரைக்கும் துணி. ஏசிக்காக ஜன்னல்ல கண்ணாடி. கண்ணாடி வெளிச்சத்த விடும், சூட்ட விடும், வைட்டமின் பண்ற கதிர விடாது."

"நளினி, நீ லேப். நான் டாக்டர்."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். எனக்கும் கறுப்புத் தோல்தான் சார். எங்க ஊர்ல ஒருத்தரும் வெயிலக் குடிச்சவன்னு என்னப் பாராட்டல. தொடைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. எலும்பு நல்லா இருந்தா அவளோட என்னையும் அனுப்பிடுங்க."

படம் வந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்தில், குறுக்கே, வெளிறிய ஒரு கோடு. சுண்ணாம்பு ஏறாமல் மெத்தென்று ஆன எலும்பு மெல்ல மெல்ல விரிசல் விட்டிருந்தது.

ஸுவேனா அந்தக் கோட்டைப் பார்த்தாள். "என்னச் சோம்பேறின்னாங்க. எலும்பு ஒடியற சோம்பேறித்தனம் எந்த ஊர்ல இருக்கு தீதி?"

நளினி படத்தை வாங்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். அதை அவர் மேஜையில் சற்று ஓங்கியே வைத்தாள். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்தார். எழுதி முடிக்கும்வரை நளினி நகரவில்லை.

வாரம் ஒரு முறை வீரியம் கூடிய வைட்டமின் டி மாத்திரை. கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு. தினமும் அதே பழைய கால்சியம். எலும்பு கூடும்வரை படி ஏறக்கூடாது. டெலிபோன் போர்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். அவ்வப்போது ரத்தம் பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டும். சில மாதங்களில் ரத்தத்தில் கால்சியம் ஏறியது, கீழ்த்தளத்துக்கு வந்த போர்டிலிருந்து ஸுவேனா மேஜையைப் பிடிக்காமல் எழுந்தாள். கால்சியம் மட்டும் போதாது. வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது எலும்புக்குப் போய்ச் சேரும்.