அடிக்குரல்காரனின் நாலு வரி

“நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன், லோன்.”

“வேணாம்.”

“சண்டை போட மாட்டேன். சிரிச்சுக்கிட்டே கேக்கறேன்.”

“நீ சிரிச்சுக்கிட்டே கேட்டா, அவன் சிரிச்சுக்கிட்டே மாட்டேன்பான். அப்புறம் நான் போய் அவன் பல்லை உடைக்கணும். பாடறவன் பல்லு, பாவம்.”

“அப்ப இதை இப்படியே உள்ள வச்சுப் புழுங்கப் போறியா?”

“இங்க பாரு வெர்னி. எடுத்தவனுக்குத் தெரியும், எடுத்துட்டோம்னு. தானா கொண்டுவந்து தரணும். நாம போய்க் கேட்டா அது பிச்சை. நீ அவன்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு.”

வெர்னீட்டா சத்தியம் செய்தாள். பத்தொன்பது வயதில் சத்தியம் செய்ய என்ன யோசனை வேண்டியிருக்கிறது?

அது நடந்தது 1959-இல், பிராங்க்ஸில், பாஸ்டன் ரோடு பக்கத்துக் கட்டடம் ஒன்றின் பளிங்குப் படிக்கட்டில். அந்தப் படிக்கட்டில்தான் லோன் என்கிற அலோன்ஸோவும் லூசியஸும் மெல்வினும் இன்னொரு பையனும் பாடிப் பாடி ‘மெரிடேல்ஸ்’ என்ற பாட்டுக் குழு ஆனார்கள். வாத்தியம் வாங்க வக்கில்லாத பிள்ளைகளுக்கு வாய்தான் வாத்தியம். ஒருவன் மேளம், ஒருவன் தந்தி. பளிங்குச் சுவர் அதை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தரும். லூசியஸ் முன்குரல். காதல், கண்ணீர், நிலா எல்லாம் அவன் பங்கு. அலோன்ஸோ அடிக்குரல். அவன் பங்குக்கு “டும், டும்-ட-டும்” தவிர வேறு வார்த்தையே கிடையாது.

ஒரே ஓர் இடம் மட்டும் விலக்கு. இந்த மாதிரிப் பாட்டுகளில் நடுவே ஒரு பேச்சு வரும். மற்றவர்கள் குரலை அடக்கி முனகுவார்கள். முன்குரல்காரன் ஓர் அடி பின்னால் போவான். அடிக்குரல்காரன் முன்னால் வந்து, பாடாமல், அந்தக் கனத்த குரலில் நாலு வரி பேசிவிட்டுத் திரும்பிப் போவான். ‘மூணாவது மாடி ஜன்னல்’ என்ற பாட்டுக்கு அந்த நாலு வரியை அலோன்ஸோவே எழுதினான். மூன்றாவது மாடியில் குடியிருந்தவள் வெர்னீட்டா.

*கண்ணே, நான் பெரிய பேச்சுக்காரன் இல்லை. மற்றவர்கள் பாடுவார்கள், நான் கீழே நின்று தாங்குவேன். வேண்டுமானால் ஜன்னலை மூடிக்கொள். நான் மட்டும் போக மாட்டேன்.*

ரிக்கார்டு செய்யப் போன அன்று கம்பெனிக்காரன், “அந்தத் தம்பி குரல் தேன் மாதிரி இருக்கே, பேச்சையும் அவனே பேசிடட்டும்” என்றான். லூசியஸ் ஒரு நொடி அலோன்ஸோவைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான். பேசிவிட்டான். அலோன்ஸோ தன் சொந்த வார்த்தைக்குக் கீழே நின்று முனகினான். இசைத்தட்டு வந்தபோது அதில் ‘லூசியஸ் ஃபென்னும் மெரிடேல்ஸும்’ என்று அச்சாகியிருந்தது. வெர்னீட்டாவிடம் சத்தியம் வாங்கிய அன்றோடு அலோன்ஸோ அந்தப் படிக்கட்டில் பாடுவதை விட்டான்.

அதற்குப் பிறகு அவன் பஸ் ஓட்டினான். அவன் நிறுத்தம் சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிய பெண்கள் உண்டு என்று வெர்னீட்டா கேலி செய்வாள். மகள் ரோஷெல் பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாட்டு போடும் வானொலியில் அந்தப் பாட்டு வரும். நாலு வரி நெருங்கும்போது அலோன்ஸோ எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவுவான். லூசியஸைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று வெர்னீட்டாவுக்குத் தொண்டைவரை வரும். சத்தியம் என்று விழுங்குவாள். கிட்டத்தட்ட முப்பது வருடம் இப்படி விழுங்கியிருக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து அவனுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மிஸ் பாட்ரோன் நல்ல பெண். “பேச்சு போனவங்களுக்கும் பாட்டு போகாது, அம்மா. மனசுல ஊறின பாட்டு ஏதாவது இருந்தா அது வழியா வார்த்தை வரும். வாரம் ஒரு பாட்டு போட்டுப் பாருங்க” என்றாள். வெர்னீட்டா தேவாலயப் பாட்டு பாடினாள், பிறந்தநாள் பாட்டு பாடினாள். அலோன்ஸோவின் முகம் மலர்ந்தது. எல்லாவற்றுக்கும் கீழே சுருதி பிசகாமல் “டும், டும்” என்றான்.

“இவருக்கு வார்த்தை இருக்கிற பாட்டு ஒண்ணுகூடத் தெரியாதா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“அடிக்குரல்காரனைக் கட்டிக்கிட்டேனே, அதுதான் என் தலையெழுத்து” என்று வெர்னீட்டா சிரித்தாள். சமையலறைக்குப் போய் அழுதாள்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் அவனாகவே தொடங்கினான். டும், டும்-ட-டும். ‘மூணாவது மாடி ஜன்னல்’. பேச்சு வரும் இடத்தில் நிறுத்தினான். தலையைத் தூக்கினான். உதடு துடித்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், மறுபடி அங்கேயே நின்றான், நல்ல கையால் கட்டிலைக் குத்தினான். வெர்னீட்டா முன்குரலைப் பாடிப் பார்த்தாள். இல்லை, இல்லை என்று தலையாட்டினான். பதறிப்போய் அவள் பழைய இசைத்தட்டைத் தேடி எடுத்துப் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. தட்டிலிருந்து லூசியஸின் தேன் குரல் அந்த நாலு வரியைப் பேசியது. அலோன்ஸோ பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சோளக் கஞ்சி, சர்க்கரைவள்ளி மசியல், அவனுக்கு உயிரான பீச் பழக் கூழ், எதைக் கொண்டுபோனாலும் பல்லைக் கடித்துக்கொண்டான். திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் வயிற்றில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவன் போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டான். குழாய் போட்டால் அதையும் பிடுங்கிவிடுவான். உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவனிடம் வற்றிப்போயிருந்தது. அது வெர்னீட்டாவுக்குத் தெரிந்தது. நாள்தோறும் அவன் கன்னம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கான்கோர்ஸ் தியேட்டரில் பழைய பாட்டுக் கச்சேரி. சுவரொட்டியில் லூசியஸ் ஃபென் பல் தெரியச் சிரித்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி ரோஷெலிடம் சொல்லிவிட்டு, வெர்னீட்டா தேவாலயத்துக்குப் போடும் தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேடைக்குப் பின்னால் மெல்வின் நின்றிருந்தான். இன்னும் லூசியஸோடு பாடுகிறவன் அவன் ஒருவன்தான்.

“யாரு, மூணாவது மாடியா?” என்றான், வாயெல்லாம் பல்லாக. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “உள்ள வா, சிஸ்டர்.”

லூசியஸ் நீலக் கோட்டு போட்டு உட்கார்ந்து வெந்நீரும் தேனும் குடித்துக்கொண்டிருந்தான். “வெர்னி! உன் அழகு ஒரு துளி குறையலையே!”

“உனக்குத் தலைமுடி கூடியிருக்கே, லூசியஸ். எந்தக் கடையில விளைஞ்சுது?”

மெல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லூசியஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: பக்கவாதம், பேச்சு போனது, சாப்பாடு நின்றது, திங்கட்கிழமை. “அந்த ஜன்னல் பாட்டை மட்டும் முனகறான். பாதியில நின்னுடறான். நீ வந்தா பாடுவானோன்னு ஒரு நப்பாசை.”

லூசியஸ் கோப்பையைக் கீழே வைத்தான். “என்னைப் பாத்தா அடிப்பானே.”

“ஒரு கைதான் வேலை செய்யுது. தாங்கிக்கலாம்.”

“அவன் ஒரு தடவை கூப்பிடுவான்னு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்.” அவன் எழுந்து கோட்டைச் சரி செய்தான். “சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த ஆட்டம். அதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். மெல்வின், டாக்ஸி பிடி.”

டாக்ஸியில் அவளுக்கு நடுவில் இடம். சொல்லிவிடலாமா? ‘அந்த இடத்தில் நீ பேசாதே’ என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். வாய் திறந்தாள். எம்மேல சத்தியம் என்ற குரல் காதில் கேட்டது. பேச்சு போன மனிதனிடம் மிச்சமிருப்பது அந்த ரோஷம் ஒன்றுதான்; அதையும் நான் விற்றுவிடுவதா? லூசியஸ் பாடகன். பக்கத்தில் அடிக்குரல் கேட்டால் கால் தானாகப் பின்னால் போகாதா? தானாகவே கொண்டுவந்து தரட்டுமே.

“அந்தப் பேச்சு வர்றப்போ பாக்கணும் வெர்னி,” என்று லூசியஸ் சொல்லிக்கொண்டு வந்தான். “எல்லாப் பொம்பளைங்களும் கைக்குட்டையை எடுத்துடுவாங்க. ஊர் ஊரா அந்த நாலு வரிதான் எனக்குச் சோறு போடுது.”

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கசக்கினாள்.

அலோன்ஸோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்தில் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. ரோஷெல் தலையை மட்டும் அசைத்தாள்: இல்லை, ஒரு வாய்கூட இல்லை.

“டேய் தவளை!” என்றான் லூசியஸ். படிக்கட்டு நாட்களின் பட்டப்பெயர். “குழிக்குள்ள என்னடா பண்றே? திரும்பு.”

அந்த முதுகு இறுகியது. திரும்பவில்லை.

லூசியஸ் மெல்வினைப் பார்த்தான். அந்தக் காலத்திலும் சுருதி கொடுப்பது மெல்வின்தான். அவன் கண்ணை மூடி மெல்ல ஒரு ஸ்வரத்தைப் பிடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, சுவர்ப் பக்கத்திலிருந்து, நிலத்துக்கு அடியில் ஏதோ உருளுவதுபோல வந்தது.

டும். டும்-ட-டும்.

ரோஷெல் வாயைப் பொத்திக்கொண்டாள். லூசியஸ் முன்குரலில் ஏறினான். மேடைக் குரல் இல்லை அது, படிக்கட்டுக் குரல். அலோன்ஸோ புரண்டு திரும்பினான். கோணிய வாயோடு, கண்ணைக் கொட்டாமல் அவன் கீழே தாங்க, மூன்று பேருமாக அந்தப் பாட்டைத் தூக்கினார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. மெல்வின் குரலை அடக்கி முனகத் தொடங்கினான். அலோன்ஸோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்தது. உள்ளே இருந்து ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. வெர்னீட்டா அதைப் பார்த்தாள். பிரசவ அறையில் குழந்தையின் தலை தெரிவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

லூசியஸ் பழக்கதோஷத்தில் கண்களை மூடினான். நெஞ்சில் கை வைத்தான். “கண்ணே, நான் பெரிய பேச்சுக்காரன் இல்லை…”

குவிந்த உதடு அப்படியே நின்றது. பிறகு மூடியது. அதன்பின் நடந்ததைத்தான் வெர்னீட்டாவால் தாங்க முடியவில்லை. அலோன்ஸோ தலையைத் தலையணையில் சாய்த்து, அந்த நாலு வரிக்கும் கீழே, பிசகாமல், அடக்கமாக முனகிக் கொடுத்தான். முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

லூசியஸ் கண்ணைத் துடைத்தான். “பாத்தியா வெர்னி, அழறான். மனசு இளகிடுச்சு. இனிமே சாப்பிடுவான் பாரு.” கடிகாரத்தைப் பார்த்தான். “நான் கிளம்பணும். அடுத்த மாசம் இந்தப் பக்கம் வந்தா…”

“அவனுக்கு அடுத்த மாசம் இல்ல.”

“என்னது?”

வெர்னீட்டா போய் அறைக் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். கட்டிலில் இருந்தவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவனைப் பார்த்தே பேசினாள்.

“லோன், என்னை மன்னிச்சுடு. பிச்சையாவே இருக்கட்டும், நான் கேக்கறேன்.” பிறகு லூசியஸின் பக்கம் திரும்பினாள். “அந்த நாலு வரி உன்னோடது இல்ல, லூசியஸ். உனக்கே தெரியும். நீ அதை வச்சு நல்லா இருந்தே, இருந்துக்கோ, நான் வயிறெரியல. ஆனா அவன்கிட்ட இருந்த வார்த்தையே அவ்வளவுதான். திருப்பிக் குடு. மறுபடி முதல்லேர்ந்து பாடு. அந்த இடம் வந்ததும் ஒரு அடி பின்னால போ. வாயை மூடிக்கிட்டு நில்லு. உன் ஆட்டத்துக்கு நேரமானாலும் சரி, இருட்டினாலும் சரி, அவன் பேசற வரைக்கும் நில்லு.”