குறட்டை நின்ற இடம்

மத்தியானச் சோறு உள்ளே போனதும் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அரை மணி நேரம் கட்டையைச் சாய்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் உத்தமன் வேலை பார்க்கும் குடோனின் வழக்கம். அவன் படுத்தால் குறட்டையில் தகரக் கூரை அதிரும். உழைக்கிறவன் தூக்கம் அப்படித்தான் இருக்கும் என்பது அங்கே எல்லோருடைய முடிவு. கூட வேலை பார்க்கும் ஜீவா அதைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். ‘லாரி மேடு ஏறுது’ என்று கீழே எழுதியிருந்தான். உத்தமனும்தான் சிரித்தான்.

சாயங்காலம் திருமுல்லைவாயில் வீட்டில் மனைவி வனஜாவிடம் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. திரும்பப் போடச் சொன்னாள்.

“நடுவுல சத்தமே காணோமே.”

“செல்லு மக்கர் பண்ணிகீது.”

“ஃபேன் சத்தம் கேக்குதுல்ல. உன் மூச்சுதான்யா காணோம்.”

விரல் விட்டு எண்ணினாள். பதினெட்டு வந்தபிறகுதான் வீடியோவில் உத்தமன் முக்கி மூச்சை இழுத்தான்.

மறுநாள் காலையிலேயே, அவன் பிரஷர் மாத்திரை வாங்கும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வீடியோவைப் பார்த்தார். மூச்சை அடைக்கும் பருமனா என்று டேப் வைத்துக் கழுத்தை அளந்தார்.

“தினம் நடக்கிறீங்களா?”

“நான் மூட்டை தூக்கறவன் சார். எனக்கின்னாத்துக்கு வாக்கிங்?”

“கடைசியா எப்ப தூக்கினீங்க?”

உத்தமன் யோசித்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஏறி ஏழு வருஷம். வாசல் வரைக்கும் பைக், உள்ளே வண்டி, வீட்டில் நாற்காலி. உடம்பு எப்போதோ உட்கார்ந்துவிட்டது. வாய்தான் இன்னும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தது.

“பிரஷர் இருக்கிறவங்க உடம்ப அசைக்காம இருந்தா, தூக்கத்துல இப்படி மூச்சடைக்க வாய்ப்பு அதிகம். நடங்க. ஆனா நடை மட்டும் போதாது, தூக்கத்துல ஒரு டெஸ்ட் எடுக்கணும். பகல்ல கண்ணு சொக்குதா?”

“இல்ல சார்.”

“பொய் சார்,” என்றாள் வனஜா. “டீ கிளாஸக் கையில வச்சுகினே தூங்குவாரு.”

“டெஸ்ட் முடியுற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க.”

வெளியே வந்ததும் உத்தமன் சொன்னான்: “இத்த குடோன்ல சொன்னா வண்டி சீட்டு போயிடும். கூட மூட்டை தூக்குற ஏகாம்பரம் அதுக்குத்தான் காத்துகினு கீறான். ஏறினான்னா எறங்க மாட்டான். என்னைத் திரும்ப மூட்டைக்கு வுட்ருவானுங்க.”



அன்று மத்தியானம் வண்டியில் ஏறினான். சரக்கை முன்னால் தூக்கிக்கொண்டு போகும்போது கண் சொக்கியது. ஒரு நொடியா, பதினெட்டா, தெரியவில்லை. விழித்தபோது சரக்குக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டி, ஜீவா குனிந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். உத்தமன் பிரேக்கை மிதித்தான். ஜீவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உத்தமன் சரக்கை இறக்கிவிட்டு, சாவியைக் கொண்டுபோய் ஏகாம்பரத்திடம் கொடுத்தான்.

“இன்னா மாமே, வண்டி கசந்துபோச்சா?”

“டாக்டர் ஓட்டக்கூடாதுன்னாரு. சூப்பர்வைசராண்ட நானே சொல்லிக்கிறேன்.”

சூப்பர்வைசர் அறை குடோனின் மறுகோடியில் இருந்தது. வழக்கமாக வண்டியிலேயே போய் இறங்குவான். இன்று நடந்தான். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஏகாம்பரம் ஹாரன் அடித்தான். உத்தமன் ஒதுங்கி அவனைப் போகவிட்டு, மிச்ச தூரத்தையும் நடந்தான்.