சுருளிராஜனின் இடது காது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் சின்னமனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை நகல் எடுக்கப் போயிருந்தேன். மெஷினின் மூடியைத் தூக்கியபோது, எனக்கு முன்னால் வந்துபோன யாரோ மறந்துவிட்ட தாள் ஒன்று கண்ணாடியில் கவிழ்ந்து கிடந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. தலைப்பு: ‘ஸ்கூபா டைவிங் – அப்பா, அம்மா, நான்’. இடது ஓரம் நான்கு ஊர்கள்: அந்தமான், முருடேஸ்வர், பாண்டிச்சேரி, கேரளத்துக் கோவளம். எதிரே தூரம், நல்ல மாதம், எத்தனை அடி ஆழம் என்று பொடி எழுத்தில் நிரப்பியிருந்தது. முதல் மூன்று ஊர்களுக்கு நேரே வேறொரு கை, பெரிய எழுத்தில், ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. கோவளத்துக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது.

தாளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். யாருடையது என்று விசாரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் அந்த மூன்று ‘வேண்டாம்’ என்னை விடவில்லை.

முதலில் எழுதிய வரி: ‘கடலையே பார்த்திராத அந்தக் குடும்பம்—’ அடித்துவிட்டேன். திருச்செந்தூருக்கு வேன் பிடித்துப் போகாத வீடு இந்தப் பக்கத்தில் எது?

அடுத்தது: ‘அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம்—’ அதுவும் சரியில்லை. பயந்த மனிதர் ஒரே தடவையில் ‘நீங்க போயிட்டு வாங்க’ என்று சொல்லி முடித்துவிடுவார். ஊர் ஊராகப் படித்து, ஒவ்வொன்றாக மறுக்கிறவர் தண்ணீரை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படித்தான் சுருளிராஜன் வந்தார்.

2

சுருளிராஜனுக்கு நாற்பத்தெட்டு வயது. சின்னமனூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடையின் முன்பக்கம், அதாவது பேரிங், ஒயர், போல்ட் விற்பது, மனைவி ராமுத்தாயின் பொறுப்பு. மகள் திரிஷா கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம்.

அவர் தொழிலில் ஒரு பாதியை நான் விளக்கியாக வேண்டும். (விளக்குவதில் எனக்குள்ள ஆசை இந்தக் கதையைக் கெடுக்கலாம். கெடுக்கும் இடம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.) கிணற்று மேட்டில் மோட்டார் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒரு சின்ன கதவு. மேலே இழுக்கும்போது திறக்கும், நிறுத்தினால் மூடிக்கொண்டு குழாயில் உள்ள தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும். அந்தக் கதவில் ஒரு குச்சியோ துணியோ சிக்கிவிட்டால் குழாய் காலியாகிவிடும். மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். குழாயைக் கழற்றித் தூக்க ஆறு ஆள் வேண்டும். உள்ளே முங்கிப் போய்க் கையால் குச்சியை எடுக்க ஒரு ஆள் போதும்.

இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு ஆள் சுருளிராஜன்தான்.

இனி, வாசகராகிய உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் இது யாருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன், கடமலைக்குண்டு பக்கம் ஒரு கிணற்றில், முப்பதடியில், அவருடைய இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் கிணறே சுற்றியது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. கையில் குழாய் இருந்ததால் அதைத் தொட்டுத் தொட்டு ஏறி வந்துவிட்டார். தேனியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, ஓட்டை பெரிசு, தானாக மூடாது, ஆபரேஷன் செய்யலாம், அதுவரை தலை நனையக் குளிப்பதென்றாலும் பஞ்சு வையுங்கள் என்றார்.

வீட்டில், “இப்ப எல்லாம் தண்ணிக்குள்ளயே கெடக்குற சப்மெர்சிபிள் மோட்டாரு வந்துருச்சு, எறங்குற வேலையே இல்ல” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

ஏன் மறைத்தார்? பெரிய காரணம் எதையாவது கொடுக்கலாமென்று ஒரு வாரம் தேடினேன். கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான். அன்று காலை அவருக்குச் சளி. ராமுத்தாய் வாசலில் நின்று, “சளியோட எறங்காதீக, காது அடைச்சுக்கிரும்” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது பலித்துவிட்டதை அவரிடமே போய்ச் சொல்ல சுருளிராஜனுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் தள்ளினார். ஒரு வாரமானது. அப்புறம் சொல்வதற்கு வழியே இல்லாமல் போனது.*

* இது போதுமான காரணமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

3

பயணம் திரிஷாவின் ஏற்பாடு. ‘எங்க அப்பா சிலிண்டர் இல்லாமலே முப்பதடி போவாரு’ என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, ஒருமுறை சிலிண்டரோடு அவரை அனுப்பிப் பார்க்க ஆசை. அவருக்கான பரிசு அது. பரிசை மறுக்க அவரால் முடியவில்லை. ஊரை மறுத்தார்.

“அந்தமான் வேணாம்த்தா. திராட்சை சீசன். மோட்டார் ரிப்பேர் வரும்.”

“நம்ம ஊர்ல திராட்சை சீசன் எப்பப்பா இல்ல? வருசம் பூராம் வெட்டிக்கிட்டுத்தான இருக்காக.”

“முருடேஸ்வர் ரொம்பத் தூரம்.”

“பாண்டிச்சேரி?”

“அங்கன தண்ணி கலங்கலா இருக்குமாம்.”

ராமுத்தாய் ஒயர் சுருளை ஆணியில் மாட்டிக்கொண்டே திரும்பினார். “ஏங்க, நீங்க எறங்குன கெணறெல்லாம் கண்ணாடியாட்டமா இருந்துச்சு?”

திரிஷா சிரித்தாள். சுருளிராஜனும் சிரித்துவைத்தார்.

“கோவளம் போவோம்” என்றார் ராமுத்தாய். “குமுளி ஏறி இறங்குனா சாயங்காலம் அங்கன இருப்போம். பிளேன் வேணாம், ரயிலு வேணாம்.”

கோவளத்துக்கு எதிராக அவரிடம் ஒரு காரணமும் இல்லை. அப்போது மகளே ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

“ஒரு சிக்கல் இருக்கும்மா. டைவிங் முடிச்ச உடனே மலை ஏறக் கூடாது.”

இந்த இடத்தில் சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை வாயு தண்ணீரில் கரைந்து அமைதியாக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. கடலுக்கு அடியில் அழுத்தம் அதிகம். மூச்சில் போகும் நைட்ரஜன் ரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பின் அது மூச்சு வழியாக மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் விமானத்திலோ மலையிலோ ஏறினால், வெளியே காற்றழுத்தம் குறைந்து, ரத்தமே சோடாவாகிவிடலாம். ஒரு முறை மட்டும் மூழ்கினவர் பன்னிரண்டு மணி நேரமாவது பொறுப்பது வழக்கம். பிளேன் வேண்டாமே என்று கோவளத்தைத் தேர்ந்தெடுத்த இந்தக் குடும்பம், வீடு திரும்ப ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரக் குமுளியைத் தாண்ட வேண்டும். மலையைச் சுவராக வைத்துக்கொண்டு வாழும் ஆட்களுக்கு அது ஒரு உயரமாகவே தோன்றுவதில்லை.

“பாத்தியா” என்றார் சுருளிராஜன். குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. “அப்ப கோவளமும் ஆகாது.”

“ஏன் ஆகாது? ஒரு நாள் கூடத் தங்குவோம்” என்றார் ராமுத்தாய். “இல்லாட்டி நாகர்கோயில் பக்கமாச் சுத்தி வருவோம். அங்கன மலை குறுக்க வராதுல்ல?”

அவ்வளவுதான். கோவளம்.

4

இங்கிருந்து நேராகக் கோவளத்துக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதினேன். படகு, ரப்பர் உடை, ஏஞ்சல் என்று ஒரு பயிற்சியாளர். மருத்துவப் படிவத்தில் ‘காதில் ஏதேனும் பிரச்சினை உண்டா’ என்ற கேள்விக்குச் சுருளிராஜன் ‘இல்லை’ என்று எழுதுகிறார். பஞ்சு வைத்துக்கொண்டு இறங்குகிறார். பத்தடி. பதினைந்தடி. பஞ்சு நனைந்து, தண்ணீர் ஓட்டை வழியாக நடுக்காதில் புகுந்து உள்காதைக் குளிரவைக்கிறது. நம்மை நிமிர்த்தி வைக்கும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால், உடம்பு சுழல்வதாக மூளை நம்பிவிடும். கடல் சுற்றுகிறது. இங்கே தொட்டு ஏறக் குழாய் இல்லை. பழக்கப்படி அவர் மூச்சை அடக்குகிறார். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பது. மேலே வர வர நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து, அதைக் கிழித்துவி—

நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். எனக்கு அந்த முடிவு வேண்டாம். மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டேன். கோவளத்துக்குப் போகுமுன் யாருக்காவது தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அவர் சொல்லமாட்டார். மூன்று வருடம் சொல்லாதவரை நான்காவது பக்கத்தில் சொல்ல வைத்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

5

வழியைத் திரிஷாதான் கொடுத்தாள். ஆழத்துக்குப் போகும்போது காதில் அழுத்தம் ஏறும். வாயை மூடி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழல் திறந்து உள்ளேயும் காற்று போய் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இதைப் பழக வேண்டும். கடல் பக்கத்தில் இல்லை. மலை இருக்கிறது.

“குமுளியில இருந்து கீழ எறங்குறதும் கடல்ல எறங்குறதும் காதுக்கு ஒண்ணுதாம்மா” என்றாள். கணக்குப் போட்டால், குமுளியிலிருந்து மலையடியில் உள்ள லோயர் கேம்ப் வரை அத்தனை வளைவும் இறங்கி முடித்தால் ஏறும் அழுத்தம், தொடையளவு தண்ணீருக்குச் சமம். அவ்வளவுதான். ஆனாலும் காது அடைக்கிறது. காது எவ்வளவு நுணுக்கமான கருவி என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்னி வேனில் மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு திரிஷா மூக்கைப் பிடித்து ஊதினாள். “டப்புனு தொறந்துச்சும்மா!” ராமுத்தாய்க்கு வலது பக்கம் திறந்தது, இடது அடம்பிடித்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கினார்.

“அப்பா, நீங்க?”

“இந்தக் காது முப்பதடி பாத்த காதுத்தா. இதெல்லாம் ஒரு எறக்கமா?”

“ஊதிக் காட்டுங்க, பாப்போம்” என்றார் ராமுத்தாய். “சும்மா சவடால் விடாம.”

லோயர் கேம்பில், மலை மேலிருந்து தண்ணீர் இறங்கி வரும் பெரிய குழாய்கள் தெரிகிற இடத்தில் சுருளிராஜன் வேனை ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்தினார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது காது, பக்கத்து இருக்கையைப் பார்த்து இருக்கிறது. அந்த இருக்கையில் யார்?

[திரிஷாவை உட்கார வைத்தால்: அவளுக்குச் சத்தம் கேட்கும், படித்தவள், உடனே புரிந்துகொள்வாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற, தானே ஒரு பொய் சொல்லிப் பயணத்தை நிறுத்துவாள். அழகான முடிவு. ஆனால் பொய் சொல்வது அப்பாவிடமிருந்து மகளுக்குப் போகும், வீட்டைவிட்டுப் போகாது.]

ராமுத்தாயை உட்கார வைத்தேன்.

சுருளிராஜன் மூக்கைப் பிடித்தார். வலது பக்கம் மட்டும் திறந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். இடது காது வழியாகக் காற்று கசியும்போது வரும் சன்னமான சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்கும் என்பது மூன்று வருடமாக அவருடைய நம்பிக்கை. ஊதினார்.

ஸ்ஸ்ஸ்.

“என்ன சத்தம் அது?” என்றார் ராமுத்தாய். “டியூப்ல காத்து எறங்குற மாதிரி.”

“டயரா இருக்கும்.”

“மறுபடி ஊதுங்க.”

“எதுக்கு?”

“ஊதுங்கங்கேன்ல.”

அவர் ஊதினார். ராமுத்தாய் இப்போது தன் காதை அவர் காதருகே கொண்டுபோய் வைத்திருந்தார். பின் இருக்கையிலிருந்து திரிஷா எட்டிப் பார்த்தாள்.

“எப்ப?” என்றார் ராமுத்தாய்.

“மூணு வருசம்.”

“சளியோட போனீகளே, அன்னைக்கா?”

“ம்.”

‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று அடுத்த வரியை எழுதி வைத்திருந்தேன். மூன்று வருடமாகச் சுருளிராஜன் பயந்த வரி அதுதான். ராமுத்தாய் அதைச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்தக் குழாய்களைப் பார்த்தார். எழுதி வைத்ததை அடித்துவிட்டேன்.

“தேனியில காட்டுனீகளா?”

“ஆபரேசன் பண்ணலாம்னாக.”

“பண்ணுவோம். அது வேற. திரிஷா, இவுக கடல்ல எறங்கலாமா?”

“கூடாதும்மா. டாக்டர் எழுதிக் குடுக்காம கூடவே கூடாது.”

“அப்ப நாம ரெண்டு பேரும் எறங்குவோம். நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்ல, கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போவாகன்னு சொன்னேல்ல?” என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். “இருபத்திரெண்டு வருசம் நீங்க கீழ போனீக, நான் மேல இருந்தேன். இப்ப நான் போறேன். நீங்க மேல இருங்க. எந்தக் கடலுன்னு நீங்களே சொல்லுங்க. எது சொன்னாலும் சரி.”

6

அட்டவணை மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது. இப்போது மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் பார்க்கும் பத்திகள் மாறிவிட்டன. தூரம் முக்கியமில்லை, மாதம் முக்கியமில்லை.

“கீழ எம்புட்டு நேரம் இருப்பீக?” என்று கேட்டார்.

“ஊருக்கு ஊரு மாறும்ப்பா. இருவது நிமிசம், முப்பது நிமிசம்.”

“முப்பதா?” இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. “கம்மி எங்கன?”

“ஏன், எனக்கு மட்டும் கம்மியா?” என்றார் ராமுத்தாய்.

இந்த இடத்தில் நான் விலகிக்கொள்கிறேன். நான்கு ஊரையும் வைத்து நான்கு முடிவு எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தண்ணீருக்கு அடியில் நடப்பதை நன்றாக விளக்க முடிந்தது. மேலே படகில் நிற்கும் மனிதரை எழுதத் தெரியவில்லை. காத்திருந்து பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் எழுதுங்கள். அந்தமானோ கோவளமோ, பட்டியலிலேயே இல்லாத வேறு கடலோ, உங்கள் விருப்பம்.

ஒன்றே ஒன்று. படகில் அவருக்கு உட்கார ஒரு இடம் போடுங்கள். அவர் உட்காரமாட்டார். இருந்தாலும் போடுங்கள்.