சண்டைக்கு வந்தவன்

"அம்மா, ஜன்னலைத் திற! காத்து வரட்டும்!" என்று கத்திக்கொண்டே மகள் கைபேசியை அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள்.

டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். பொழுது தாண்டாதாம். வனக்காவலரான அப்பா ஆயுசு முழுக்கக் காவல் காத்தது, வீட்டுக்குப் பின்னால் ஏறும் இந்த ஒரு மலையின் உச்சிக்காட்டில் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு குட்டிப் பறவையை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மார்பில் மட்டும் செங்கல் நிறம். படுக்கையில் விழுந்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதன் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அதைக்கூடச் செய்யாவிட்டால் பெற்ற பிள்ளை என்று எதற்கு இருப்பது?

ஆராய்ச்சிக்காரர்கள் பதிவு செய்த குரலை எப்படியோ கேட்டு வாங்கியிருந்தாள். அழுத்தினாள். அறைக்குள் மெல்லிய விசில் ஏறி இறங்கியது.

அப்பாவின் கண் திறந்தது. "நிறுத்தும்மா... வேற ஆண் வந்துட்டான்னு நெனச்சு, கூட்டை விட்டுட்டுச் சண்டைக்கு வந்துரும். பாவம்."

"அது எங்கயோ உச்சியில கெடக்கு. இவ்வளவு கீழயா வரப்போகுது?"

"என் சக்களத்தியை ஒண்ணு சொல்லிரக் கூடாதே இவருக்கு," என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே புதருக்குள்ளிருந்து அதே விசில்! அம்மாடி, என்ன கோபம் அதில்!

"ஐயோ, வந்துருச்சுப்பா! நெசமாவே வந்துருச்சு!" மகள் கைபேசியை அணைத்தாள். பறவை விடுவதாயில்லை. ஜன்னல் கம்பியில் தொற்றி, வாலை விசுக் விசுக்கென்று ஆட்டி, எங்கேடா அவன் என்று அறையைத் துழாவியது. மகளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"திமிரப் பாரேன்," என்றார் அப்பா. எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார்.

பறவை சட்டென்று உள்ளே பறந்து, கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் உட்கார்ந்து, மார்பைப் புடைத்துக்கொண்டு பாடத் தொடங்கியது.

"அப்பா, கால்மாட்டுல! பாருங்கப்பா, உங்களையே பாக்குது!"

அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இமை மட்டும் அசையவில்லை.

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைத் திறந்தாள். வந்த அலறலைத் தோளில் கிடந்த துண்டைத் திணித்து அடைத்துக்கொண்டாள். வாசலில் அக்கம்பக்கத்தாரின் செருப்புச் சத்தம். மற்றக் கையை நீட்டி, அவர்களை அங்கேயே நிறுத்தினாள்.

அது பாடி முடிக்கும்வரை யாரும் உள்ளே வரவில்லை.