ஐம்பத்தொன்பது மாப்பிள்ளை

மெதுவாகப் போ என்று சொன்னால் போதும், அந்தப் பால் வண்டிக்காரனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் அவன் போகும் சாலையில் முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள். ஒன்றைத் தாண்டிய நேரத்தையும் அடுத்ததைத் தாண்டிய நேரத்தையும் வைத்து, தூரத்தை நேரத்தால் வகுத்துச் சராசரி வேகம் போடுவார்கள். அறுபதைத் தாண்டினால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

நம்ம ஆள் லேசுப்பட்டவனா? நூறில் பறந்து பதினெட்டே நிமிடத்தில் வந்துவிடுவான். இரண்டாவது கேமராவுக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. அங்கே பன்னிரண்டரை நிமிடம் சாவகாசமாக உட்காருவான். சராசரி ஐம்பத்தொன்பது. எட்டு மாதமாக ஒரு நாள் பிசகவில்லை.

கூத்து என்னவென்றால், கேமரா ஆபீசில் அந்தக் கணக்கைப் பார்க்கும் கிளார்க் பெண், இந்த ஐம்பத்தொன்பதிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். இப்படியும் ஒரு நிதானமான மனுஷனா என்று மேலதிகாரியிடம் சொல்லி, பாராட்டுச் சான்றிதழுக்கு வரவழைத்தாள். வாங்க வந்தவன் அவளைப் பார்த்துச் சொக்கிப்போய், மறுவாரமே கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

இன்றும் கடை வாசலில் தூசி பறக்க பிரேக் போட்டுக் குதித்தான்.

"அக்கா, வழக்கம்போல பன்னிரண்டரை நிமிஷம்! ஒரு டீ!"

கடைக்கார அக்கா கண்ணாலேயே பெஞ்சைக் காட்டினாள். அங்கே கிளார்க் பெண். சம்மதத்தை நேரில் சொல்லலாமென்று, அவன் வரும் வழியில் பஸ்ஸில் வந்து இறங்கிக் காத்திருந்தாள்.

"முதல் கேமராவை எப்போ தாண்டினீங்க?"

போச்சு, எல்லாம் போச்சு. பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை, நேரம் அவள் ஆபீசிலேயே பதிவாகியிருக்கும்.

"பதினெட்டு நிமிஷம் முன்னாடி."

"அப்போ நூறு. எத்தனை நாளா?"

"எட்டு மாசமா" என்றான் தரையைப் பார்த்து.

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் விறுவிறுவென்று கணக்குப் போட்டாள்.

"எட்டு மாசம் நூறுல ஓட்டியிருக்கீங்க. அறுபதுல ஓட்டியிருந்தா பதிமூணு மாசம் பத்து நாள் ஆகியிருக்கும். மிச்சம் அஞ்சு மாசம் பத்து நாள் சும்மா நில்லுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

"நின்னா?"

"மறுநாளே கல்யாணம்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கொஞ்சம் முன்னாடி வெச்சுக்கலாமே..." என்று இழுத்தான்.

"சராசரி ஏறிடும்" என்றவள், அவனுக்கு வந்த டீயை வாங்கி, அவசரமே இல்லாமல் ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.